வளர்ச்சியூக்கி நுண்ணுயிர் எதிர்ப்பிகள்

கோழி, பன்றி முதலியவற்றின் எடையைக் கூட்ட, நோய்க்குத் தரும் அளவைவிடக் குறைவாகத் தீவனத்தில் தொடர்ந்து கலக்கப்படும் மருந்துகள். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் வைட்டமின் பி12-க்கு மலிவான மூலம் தேடியபோது, ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பியின் தயாரிப்பில் எஞ்சிய கழிவைத் தின்ற குஞ்சுகள் எதிர்பாராத வேகத்தில் வளர்ந்தன.

இம்மருந்துகள் தசையை நேரடியாக வளர்ப்பதில்லை. தீவனச் சத்தில் பங்குகேட்கும் குடல் பாக்டீரியாக்களை ஒடுக்குகின்றன. குடற்சுவர் மெலிந்து சத்து எளிதில் உட்கிரகிக்கப்படுகிறது. அழற்சிக்குச் செலவாகும் ஆற்றலும் மிச்சமாகிறது. கிருமியற்ற சூழலில் வளர்த்த குஞ்சுகளிடம் இந்தப் பலன் தெரியாதது வலுவான சான்று. சுத்தமான பண்ணையிலும் பலன் குறைவே. பராமரிப்புக் குறையை மருந்து மூடிமறைத்தது என்றே சொல்லவேண்டும்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகியதால் ஸ்வீடன் 1986இல் இப்பயன்பாட்டைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முழுத்தடை 2006இல் வந்தது.

மாற்றுகளில் புரோபயாடிக்குகள் நல்ல பாக்டீரியாக்களைக் குடலில் குடியேற்றுகின்றன. கரிம அமிலங்கள் தீங்கானவற்றை அடக்குகின்றன. நொதிகள் தானியத்தின் செரிக்காத பகுதியை உடைக்கின்றன. மூலிகை எண்ணெய்களின் விளைவு பண்ணைக்குப் பண்ணை மாறுகிறது. தனியொன்றாக எதுவும் பழைய மருந்துக்கு ஈடாகவில்லை. கொட்டகைத் தூய்மையும் தடுப்பூசியும் உடன் வேண்டும்.

தடைகளின் தொடர்ச்சியாக, மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் தரப்படும் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பியை உணவுக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2019இல் தடைவிதித்தது.