அடுத்த வீட்டுச் சாமியும் நம் பிள்ளைகளும்

செலாயாங் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பத்துமலை அடுத்த வீடு மாதிரி. 272 படிகளையும் ஒரே மூச்சில் ஏறி இறங்கும். அதே பிள்ளையிடம், "பிரிக்பீல்ட்ஸ் புத்த விகாரைக்குப் போயிருக்கிறாயா? கிள்ளான் மாதா கோயிலைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டால் திருதிருவென விழிக்கும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பாட்டன் பாட்டிமார் வழிபாட்டு வாசல்களை எப்படித் தாண்டி வந்தார்கள் என்ற வரலாற்றை நாம்தான் சொல்லித் தரவில்லை.

1910 வரை ஒப்பந்தக் கூலிகளாகவும், 1938 வரை கங்காணி முறையிலும் தமிழர்கள் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கப்பல் ஏறிய இடங்களில் ஒன்று நாகப்பட்டினம். அந்தத் துறைமுகத்துக்கு வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமானது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவர் ஒரு இந்து. இந்துக்கள் நாகூரில் நேர்ந்துகொள்வதும், வேளாங்கண்ணிக்கு நடந்து போவதும் அந்தக் கரையில் அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். அந்தப் பழக்கம் கடல் கடந்தும் வந்தது. பினாங்கில் 1800-களின் தொடக்கத்திலேயே நாகூர் தர்காவின் பெயரில் ஒரு தர்கா எழுந்துவிட்டது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஜூலை மாதத்தில் இந்துக்களும் சீனர்களும் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவதை இன்றைக்கும் பார்க்கலாம்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அப்படிக் கப்பல் ஏறியவர்களில் பலர் சொந்த ஊரில் சொந்தச் சாமியின் கோயிலுக்குள்ளேயே நுழைய முடியாதவர்கள். தேர் தெருவில் வந்தால் தூர நின்று கும்பிட்டவர்கள். திருவிதாங்கூர் அரசு கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது 1936-இல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துப் போனது 1939 ஜூலை 8-ஆம் நாள். அதாவது, கங்காணி முறை நின்ற பிறகுதான்! இங்கே பால்மரக் காட்டுக்குள் வந்து, லயத்துப் பக்கத்தில் தாங்களே ஒரு மாரியம்மனை வைத்துக் கும்பிட்டபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று மாணவச் செல்வங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோலாலம்பூரிலும் எல்லாக் கதவும் முதல் நாளே திறந்துவிடவில்லை. 1873-இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயில், 1920-களின் பிற்பகுதி வரை தம்புசாமிப் பிள்ளை குடும்பத்தாரின் சொந்தக் கோயிலாகவே இருந்தது. பிறகுதான் பொதுமக்களுக்கு ஆனது. பத்துமலைக்குத் தைப்பூச ரதம் புறப்படுவது இந்தக் கோயிலிலிருந்துதான். அதே தெருவில் எதிர்ப்புறம் 1888-இல் கட்டப்பட்ட சீனர்களின் குவான் தி கோயில் நிற்கிறது. தைப்பூசத்தன்று சீன வாலிபர்கள் காவடி எடுத்துப் பத்துமலை ஏறுவதைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம், பத்திரிகையில் படம் போடுகிறோம். அவர்கள் கோயிலுக்கு நாம் எத்தனை தடவை போனோம்?

பிரிக்பீல்ட்ஸ் கதை இதைவிட ருசியானது. ரயில்வேயிலும் அரசாங்க வேலையிலும் சேர இலங்கையிலிருந்து வந்தவர்களில் சிங்களவரும் உண்டு, யாழ்ப்பாணத் தமிழரும் உண்டு. சிங்கள பௌத்தர்கள் 1894-இல் சங்கம் அமைத்து மகா விகாரையை எழுப்பினார்கள். இலங்கைச் சைவர்கள் 1902-இல் தொடங்கிய கந்தசுவாமி கோயிலுக்கு 1909-இல் குடமுழுக்கு நடந்தது. இரண்டும் நடந்து போகிற தூரம். தமிழ் லுத்தரன்களின் சீயோன் தேவாலயம் 1924-இல் வந்தது. 1983-இல் இலங்கையில் என்ன நடந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அதே 1983-இல்தான் இங்கே பௌத்தர், கிறிஸ்தவர், இந்து, சீக்கியர் நால்வரும் ஒரே மேசையில் உட்காரும் ஆலோசனை மன்றம் ஒன்று அமைந்தது. பின்னாளில் தாவோ சமயத்தாரும் அதில் சேர்ந்தார்கள்.

கிள்ளானுக்கு வருவோம். தெங்கு கிளானா சாலையில் 1928-இல் கட்டப்பட்ட லூர்து மாதா தேவாலயம் இருக்கிறது. 2023 மார்ச்சில் இந்த ஆலயத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சைச் சார்ந்த இம்பேக்ட் மலேசியா, 'ஜோம் சியாரா' என்ற திட்டத்தில் பல சமய இளைஞர்களை ஒருவர் வழிபாட்டு இல்லத்துக்கு மற்றவர் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்தது. இந்தத் தேவாலயமும் அந்தப் பட்டியலில் இருந்தது. முஸ்லிம் இளைஞர்கள் போகலாமா என்று எதிர்ப்புக் கிளம்பியது. சிலாங்கூர் சுல்தானும் தம் அதிருப்தியைத் தெரிவித்தார். கடைசியில், திட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டுமே என்று அமைச்சு அறிவித்தது. ஒரு மார்க்கத்தின் கட்டுப்பாட்டைப் பற்றி வெளியே நிற்கும் நான் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. ஆனால் நம்ம பிள்ளைகளுக்கு அப்படி யாரும் தடை போடவில்லையே!

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பள்ளி விடுமுறையில், பெற்றோர் கையெழுத்து வாங்கி, சில மாணவர்களை பிரிக்பீல்ட்சுக்கு அழைத்துப் போக முயன்றோம். ஒரு தாயார் வந்து, "சார், சர்ச்சுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்கன்னா புள்ள மனச மாத்திப்புடுவாங்க" என்றார். அந்தம்மா வீட்டுச் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா படம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். "அது எங்க பாட்டி காலத்துலேர்ந்து இருக்குங்க, அது வேற" என்று சொல்லிவிட்டார். கடைசியில் கையெழுத்தும் போட்டார். விகாரையில் அவருடைய மகன் கேட்ட முதல் கேள்வி: "சார், இங்க யாரு வேணாலும் உள்ள வரலாமா?"

அடுத்து தேசியப் பள்ளிவாசலைப் பார்க்க எண்ணம். 1965-இல் திறக்கப்பட்ட அதன் நீல மடிப்புக் கூரைக்குள், தொழுகை நேரம் போக மற்ற வேளைகளில் எல்லா மதத்தாரும் போய்ப் பார்க்கலாம். உடம்பை மூட மேலங்கி அங்கேயே கொடுப்பார்கள். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும் என்பதை மட்டும் நம்ம பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.