கேட் ஸ்கோர் கார்டில் 46 மார்க்... 548 ஸ்கோர்! இரண்டும் ஏன் வேறு வேறு?

எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு முடிவு வந்ததுமே கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: "பாஸா, இல்லையா?" ஆனால், ஸ்கோர் கார்டில் அப்படி ஒரு வரி இருக்காது. இருப்பவை எண்கள்தான். அவற்றை எப்படிப் படிப்பது?

மார்க் வேறு, ஸ்கோர் வேறு

மார்க் என்பது 100-க்கு நீங்கள் எடுத்தது. ஒரே பாடத்துக்கு பல ஷிஃப்ட்களில் தேர்வு நடந்திருந்தால், அது சமன் செய்யப்பட்ட மார்க். ஸ்கோர் என்பது 1,000-க்கு. பொதுப்பிரிவு தகுதி மதிப்பெண்ணுக்கு 350, முதலிடங்களைப் பிடித்தவர்களின் சராசரி மார்க்குக்கு 900 என வைத்து, நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கணக்கிடுவார்கள்.

உதாரணத்துக்கு, ஒரு பாடத்தில் தகுதி மதிப்பெண் 28, முதலிடத்தார் சராசரி 78 என்று வைத்துக்கொள்வோம். 46 எடுத்தவரின் ஸ்கோர் 548. இன்னொரு பாடத்தில் அவை 35, 85 என்றால், 50 எடுத்தவருக்குக் கிடைப்பது 515தான். அதனால், வேறு பாடம் எழுதிய நண்பரின் மார்க்கோடு ஒப்பிட்டு மனசு உடைய வேண்டாம்.

கார்டு வந்தாலே தகுதியா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கார்டில் பொது, ஓபிசி-இடபிள்யூஎஸ், எஸ்சி-எஸ்டி-மாற்றுத்திறனாளி என 3 தகுதி மதிப்பெண்கள் இருக்கும். உங்கள் பிரிவுக்கான எண்ணை எட்டியிருந்தால்தான் தகுதி. பொதுப்பிரிவு எண்ணில் 90 சதவீதம் ஓபிசி, இடபிள்யூஎஸ் பிரிவினருக்கு. மூன்றில் இரண்டு பங்கு எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு.

கவனிக்க: ஓபிசி சலுகைக்கு மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி-என்சிஎல் சான்றிதழ் வேண்டும்.

ரேங்க் எதற்கு?

அகில இந்திய ரேங்க், நீங்கள் எழுதிய பாடத்துக்குள் மட்டும்தான். எம்.டெக். சேர்க்கையில் பெரும்பாலும் ஸ்கோரைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து என்ன?

* ஐஐடிக்களுக்கு அந்தந்த ஐஐடியில் விண்ணப்பித்து, சீட் வந்தால் 'கோஆப்' தளத்தில் ஏற்க வேண்டும். என்ஐடிக்களுக்கு 'சிசிஎம்டி' கலந்தாய்வு.
* நெல்லையிலோ தமிழ்நாட்டின் பிற ஊர்களிலோ எம்.இ. படிக்க மாநிலக் கலந்தாய்வு உண்டு. அதற்கும் கேட் ஸ்கோர் செல்லும். கேட் கைகொடுக்காவிட்டால், அண்ணா பல்கலைக்கழகத்தின் சீட்டா-பிஜி தேர்வு இருக்கிறது.
* கேட் தகுதியோடு ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை பெறலாம். வீட்டு நிலைமையை நினைத்து மேற்படிப்பை விட நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் சேர முடியலையா? பதற வேண்டாம். முடிவு வெளியான நாளில் இருந்து 3 ஆண்டுகளுக்கு ஸ்கோர் செல்லும். கார்டை இலவசமாக டவுன்லோட் செய்ய மட்டும் கடைசி தேதி உண்டு. அதற்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.