சிறுவர்களின் தலையிடி: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

'தலை இடிக்கிறது' எனப் பிள்ளை காலையில் முறையிட்டால், அது பாடசாலைக்குப் போகாதிருக்கப் போடும் நாடகம் எனப் பெற்றோர் சிலர் கண்டிக்கின்றனர். வேறு சிலர் மூளையில் கட்டியோ என அஞ்சுகின்றனர். பெரும்பாலும் இவ்விரண்டும் தவறாகும். தலையிடி சிறுவர்களிடையே பரவலாகக் காணப்படும் உண்மையான உபாதையே.

காரணங்கள்

தடிமன், காய்ச்சலின்போது தலையிடி ஏற்படுவது வழமை. மீண்டும் மீண்டும் வரும் தலையிடியில் இரு வகைகள் முக்கியமானவை. ஒன்று, தலையைச் சுற்றிப் பட்டியால் இறுக்கியது போன்ற வலி. மற்றையது ஒற்றைத் தலையிடி. பெயர் அவ்வாறிருப்பினும் சிறுவர்களில் இது பெரும்பாலும் இருபுறமும் ஏற்படும். குமட்டல், வாந்தி, வெளிச்சத்தையும் சத்தத்தையும் சகிக்க இயலாமை என்பன கூடவே தோன்றும். உறங்கி எழுந்ததும் பெரும்பாலும் தணியும். இது பரம்பரையாகவும் வரக்கூடியது.

காலை உணவைத் தவிர்த்தல், போதிய நீர் அருந்தாமை, உறக்கக் குறைவு, மனஅழுத்தம் என்பன தலையிடியைத் தூண்டும். புலமைப்பரிசில் பரீட்சைக்காக விடிகாலை முதல் இரவு வரை வகுப்புகளுக்கு அலையும் பிள்ளைக்கு இவை அனைத்தும் ஒருங்கே நேர்கின்றன. 6 முதல் 12 வயதினருக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியால உறக்கம் அவசியம்.

சிகிச்சை

வெளிச்சம் குறைந்த, அமைதியான அறையில் பிள்ளையை உறங்க விடுங்கள். தேவையெனில் உடல்நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பரசிற்றமோல் கொடுக்கலாம். 20 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு இது 300 மில்லிகிராமாகும். ஆறு மணித்தியால இடைவெளி பேணப்பட வேண்டும். நாளொன்றுக்கு நான்கு தடவைகளுக்கு மேற்படலாகாது. வாரத்தில் இரு நாட்களுக்கு மேல் மருந்து தேவைப்படின் வைத்தியரை நாடுங்கள். அடிக்கடி உட்கொள்ளும் வலிநிவாரணியே தலையிடிக்குக் காரணமாகிவிடும். சிறுவர்களுக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது. காய்ச்சலுடன் கூடிய தலையிடி டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் அவ்வேளை இபுபுரோபனும் ஆகாது. அவை குருதிக்கசிவை அதிகரிக்கும்.

தாமதிக்க வேண்டாம்

பின்வரும் அறிகுறிகள் தோன்றின் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்:

* உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, அதிகாலை வாந்தி
* காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, மயக்கநிலை
* வலிப்பு, நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிதல், புதிதாகத் தோன்றும் மாறுகண்
* தலையில் அடிபட்ட பின் ஏற்படும் வலி
* திடீரெனத் தோன்றும் கடும் வலி

ஏனைய வேளைகளில், வலி வந்த நாள், நேரம், அதற்கு முன் உண்டது, உறங்கிய நேரம் என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். வைத்தியருக்கு அக்குறிப்பு பெரிதும் உதவும். அதற்கும் முன்னதாக, பிள்ளை கூறுவதை நம்புவதே முதற் சிகிச்சையாகும்.