கொண்டச்சி என்னும் பெயரும் இணையவழிப் படச் சேமிப்பின் வரலாறும்

மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பை ஆராயப் புகுவோர் கொண்டச்சிக் குடாவைக் கடந்து செல்லுதல் இயலாது. றொபேட் பேர்சிவல் 1803இலும் ஜேம்ஸ் கோர்டினர் 1807இலும் இலண்டனில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல்கள் இக்கரையின் முத்துக்குளிப்பை விரித்துரைக்கின்றன. ஹேர்ட்மன் என்னும் விலங்கியலறிஞர் 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்ட அறிக்கை சிப்பிப் பார்களை அறிவியல் நோக்கில் ஆராய்ந்தது. இந்நூல்களும் இவற்றிலுள்ள படங்களும் இன்று கணினித் திரையில் காணக் கிடைக்கின்றன. எனினும் திரையில் நாம் முதலிற் காண்பது மூலப்படம் அன்று. வழங்கியில் இயங்கும் ஒரு நிரல் ஆக்கிச் சேமித்த சிறு பிரதியே அது. அப்பிரதி எவ்வாறு தோன்றுகிறது, தோன்றும்போது எதை இழக்கிறது என்னும் வினாக்கள் கணினியாளர்க்கே உரியனவாகக் கருதப்பட்டு வந்துள்ளன. வரலாற்று மாணவர்க்கும் அவற்றில் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையாசிரியரின் துணிபு.

இணையப் பக்கங்களை ஆக்கும் மொழிகளுள் மிகப் பரவலாக வழங்குவது பி.எச்.பி. கிறீன்லாந்திற் பிறந்த றஸ்மஸ் லேர்டோர்வ் என்பார், தமது தன்விவரப் பக்கத்தை எத்துணைப் பேர் பார்வையிடுகின்றனர் என அறியும் பொருட்டு 1994இல் எழுதிய சிறு நிரல்களே அதன் வித்து. 1995 யூன் 8ஆந் திகதி அவற்றை அவர் பொதுப் பயன்பாட்டிற்கு வெளியிட்டார். அம்மொழி தானாகப் படம் வரைய அறியாதது. கோடிழுத்தல், அளவு சுருக்குதல், கோப்பாக்கிச் சேமித்தல் ஆகிய தொழில்கள் யாவும் சி மொழியில் பிறர் எழுதிவைத்த நிரற் றொகுதிகளிடம் ஒப்படைக்கப்படுவன. இத்தொகுதிகளைக் கணினியாளர் 'நூலகம்' என்றே வழங்குவர். நிரலிலுள்ள ஒரு வரி, நீட்சி எனப்படும் இடைநிலைப் பகுதியை அழைக்கும். அந்நீட்சி நூலகத்தை அழைக்கும். நூலகம் படப்புள்ளிகளைச் சுருக்கி வட்டில் எழுதும். கரையில் நின்று வரைந்தவரின் ஓவியம் செப்புத்தகட்டிற் செதுக்குவோர் கைக்குச் சென்ற பின்னரே நூலில் ஏறிய பழைய முறையை இது ஒருவாறு ஒத்தது.

அவ்வாறு முதலில் அழைக்கப்பட்ட நூலகம் ஜி.டி. என்பது. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிறிங் ஹாபர் ஆய்வுகூடத்தின் புரதத் தரவுத்தளப் பணிக்காகத் தோமஸ் பூட்டெல் என்பவர் 1994 அளவில் அதனை எழுதினார். உயிரியலாய்வுக்கென எழுந்த கருவி உலகத்து இணையப் படங்களையெல்லாம் சுருக்கும் கருவியாயிற்று என்பது வியப்புக்குரியது. தொடக்கத்தில் அது கிஃப் வடிவத்திலேயே சேமித்தது. அவ்வடிவத்தின் சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை கொண்டிருந்தது. உரிமக் கட்டணம் கோரும் அறிவிப்பு 1994 இறுதியில் வெளியானது. அதன் விளைவாகக் காப்புரிமைத் தடையற்ற பி.என்.ஜி. வடிவம் உருவாயிற்று. அதன் விதிநூலைப் பதிப்பித்தவரும் பூட்டெலே. 1999இல் ஜி.டி.யினின்றும் கிஃப் நீக்கப்பட்டது. காப்புரிமைகள் 2003, 2004 ஆண்டுகளில் முடிவுற்றதும் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஒரு படம் எவ்வடிவிற் பேணப்படும் என்பதைத் தொழினுட்பத்தோடு சட்டமும் தீர்மானித்தமை இதனாற் புலனாகும்.

பின்னைய வளர்ச்சியைச் சுருங்கக் கூறலாம். 1998இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு நீட்சிகளை எளிதிற் சேர்க்க வழிவகுத்தது. 2002 இறுதியில் வெளிவந்த 4.3 பதிப்பில் ஜி.டி. மொழியுடனேயே இணைத்து வழங்கப்பட்டது. 2019 நவம்பரில் வெளியான 7.4 பதிப்பு, இடைநிலை நீட்சியை எழுதாமலே சி நூலகத்தை நேரே அழைக்கும் வசதியைத் தந்தது. வசதி பெருகுந்தோறும் அபாயமும் பெருகுதல் இயல்பு. 2016 மே மாதத்தில் இமேஜ்மஜிக் என்னும் மற்றொரு கருவியிற் காணப்பட்ட குறை, ஏற்றப்பட்ட படக்கோப்பு வழியாகவே பிறர் வழங்கியில் கட்டளைகளை இயக்க இடமளித்தது. பிறர் நூலகத்தை அழைப்பவர் அதன் குற்றங்களையும் சேர்த்தே அழைக்கின்றார்.

இனித் தமிழுக்குரிய செய்தியை நோக்குவாம். படத்தினுள் ஊர்ப்பெயரைப் பொறித்துச் சேமிக்கும்போது ஜி.டி. எழுத்துருவங்களைத் தீட்டும் பணியை ஃபிறீரைப் என்னும் வேறொரு நூலகத்திடம் விடும். அதுவோ ஒவ்வோர் உருவத்தையும் தனித்தனியே தீட்டுமேயன்றி, தமிழெழுத்துக்களின் புணர்ச்சி முறையை அறியாது. 1991இல் வெளியான ஒருங்குறியில் 'கொ' என்பது ககரமும் அதன் பின்வரும் ஒகரக் குறியுமாகப் பதியப்படும். கொம்பைக் ககரத்தின் முன்னும் காலைப் பின்னும் பிரித்து நிறுத்துதல் ஹாஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு நூலகத்தின் கடன். அதனை அழைக்காது விட்டால் ககரம் முதலில் நிற்க, கொம்பும் காலும் ஒருங்கே அதன் பின் வந்து விழும். ஆகவே கொண்டச்சி தன் முதலெழுத்திலேயே சிதையும். முசலியின் முகரமும் அரிப்பின் புகரமும் உகரக் குறி ஒட்டாது பிரிந்து நிற்கும். மன்னார் என்னும் பெயர் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். மாவட்டத் தலைநகர் பிழைத்துச் சிற்றூர்கள் சிதைவது தற்செயலே எனினும் நோக்கத்தக்கது.

ஒருங்குறிக்கு முன்னர் இந்த இடர் இருக்கவில்லை. ஈழத்தில் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவிலும், இணையத் தமிழர் வகுத்த தகுதரக் குறியீட்டிலும் எழுத்துருவங்கள் கண்ணிற்படும் வரிசையிலேயே பதியப்பட்டன; கொம்பு, ககரம், கால் என்றே தட்டெழுதினர். எளிய நூலகமும் அவற்றைப் பிழையின்றித் தீட்டிற்று. ஆயின் அவ்வாறு பதிந்தவை அகரவரிசைப்படுத்தலுக்கும் தேடலுக்கும் இடையூறாயின. தேடலுக்கு ஏற்ற ஒழுங்கு வந்தபோது தீட்டலின் சுமை நூலகத்தின் தலையில் ஏறியது என்க.

எழுத்துச் சிதைவு கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இழப்பே பெரிது. எண்முறைக் கமராவும் கைப்பேசியும் படத்தோடு திகதி, திசை, இடம் முதலிய குறிப்புக்களையும் கோப்பில் எழுதுகின்றன. ஜி.டி. படத்தைத் திறக்கும்போது புள்ளிகளை மாத்திரமே கொள்கிறது; மீளச் சேமிக்கும்போது அக்குறிப்புக்கள் உதிர்ந்துபோகின்றன. திசைக்குறிப்பு உதிர்வதால் நிமிர்ந்திருந்த படம் சாய்ந்து கிடப்பதையும் பலர் கண்டிருப்பர். ஜேபெக் வடிவில் மீள மீளச் சேமித்தால் படத்தின் நுண்மையும் குறையும்.

கொண்டச்சிக்கு இது வெறும் தொழினுட்பச் செய்தி அன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பிரதேச மக்களும் புத்தளம் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் பெருகியது. மீண்டவர் எடுத்த பள்ளிவாசல், கிணறு, கரைவலைப்பாடு ஆகியவற்றின் படங்களுக்கு இடமும் திகதியுமே உயிர். எல்லைகளும் காணியுரிமையும் வினாவாக நிற்கும் ஒரு பிரதேசத்தில் திகதியற்ற படம் சான்றாகாது.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்து எண்ணிம ஆவணகம் தமிழ் விக்கிப்பீடியாவைப் போன்றே மீடியாவிக்கி மென்பொருளைக் கொண்டியங்குகிறது. இம்மென்பொருள் பி.எச்.பி.யில் எழுதப்பட்டது, சிறு பிரதிகளை இமேஜ்மஜிக் அல்லது ஜி.டி. வழியே ஆக்குவது. ஆயினும் ஏற்றிய மூலக்கோப்பை அது மாற்றுவதில்லை. பிரதிகளை வேறாகவே சேமிக்கிறது. படவிளக்கமும் படத்தினுள் தீட்டப்படாது, பக்கத்தில் எழுத்தாகவே நிற்கிறது. அவ்வெழுத்தைத் திரையில் அமைப்பது வாசகரின் உலாவி. அஃது ஒகரத்தைப் பிழையின்றிப் பிரித்து நிறுத்தும். ஊர்ச் சங்கங்களும் பாடசாலைகளும் தமக்கெனப் பக்கம் அமைக்கும்போது பெயரைப் படத்தின்மேற் பொறிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, மூலக்கோப்பைத் தொடாது வைத்து, 'கொண்டச்சி' என்பதோடு பழைய ஆங்கில நூல்களின் 'கொண்டாட்சி' என்னும் எழுத்துக்கூட்டலையும் விளக்கத்திற் சேர்த்து எழுதுவாராயின், பேர்சிவலின் நூலிலிருந்து வருபவரும் அக்கிணற்றின் படத்தைக் கண்டடைவர்.