கம்பு எந்தக் கையில்? நைல் கரையிலிருந்து ஜொகூர்த் தோட்டம் வரை

எகிப்தியப் பெல்லி நடனத்துக்காகக் கைத்தடி சுழற்றப் பழகும் பெண்ணும், மலேசியாவின் ஜொகூரில் உள்ள பாசிர் கூடாங்கில் சிலம்பம் பழகும் பையனும் முதல் வாரத்திலேயே ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். வலக்கை சொன்னபடி கேட்கும், இடக்கை கேட்காது. மணிக்கட்டு இறுகும், தடி தோளில் இடிக்கும், சமயத்தில் கையை விட்டே பறக்கும். உலகில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர்தான் இடக்கைப் பழக்கக்காரர். ஆகவே வலக்கை முந்திக்கொள்வதில் ஆச்சரியமில்லை. அந்தப் பழக்கத்தைக் கலை என்ன செய்தது என்பதுதான் ஆராயத் தக்கது. ஒரு காலத்தில் அது விதியானது, ஒரு காலத்தில் ஆடுபவரின் விருப்பமானது, வேறொரு கட்டத்தில் அதை உடைக்கவே பயிற்சி உண்டானது. எதிரே நிற்பது எதிராளியா, சோடியா, சபையா என்பதைப் பொறுத்தே இந்த மாற்றங்கள் நடந்திருக்கின்றன.

எகிப்தின் கதை நடனத்தில் தொடங்கவில்லை. தெற்கே, மேல் எகிப்து என்று சொல்லப்படும் பகுதியில் ஆண்கள் நீண்ட தடியோடு எதிரெதிரே நின்று ஆடும் தஹ்தீப் என்ற கம்பாட்டம்தான் அதற்கு மூலம். அபுசீரில் உள்ள சாஹூரே மன்னனின் பிரமிடு வளாகப் புடைப்புச் சிற்பங்களில் இதன் பழைய தடயம் இருக்கிறது. அவற்றின் வயது ஏறக்குறைய 4,500 ஆண்டுகள். போர்ப் பயிற்சியாக இருந்தது காலப்போக்கில் ஊர்த் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் மிஸ்மார் குழலோசைக்கும் பெருமேளத்துக்கும் ஆடும் ஆட்டமாயிற்று. 2016-இல் யுனெஸ்கோ இதை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று யாரும் யாரையும் உண்மையாக அடிப்பதில்லை. என்றாலும் எதிராளியின் தடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கணிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. வலக்கைக்காரர்களோடு பழகிய கண்ணுக்கு இடக்கை வீச்சு பிடிபடச் சற்று நேரமாகும். வாட்போரிலும் குத்துச்சண்டையிலும் நன்கு தெரிந்த இந்தச் சாதகம் கம்பாட்டத்துக்கும் பொருந்தும்.

பெண்கள் ஆடும் அசாயா நடனம் இந்த ஆண்களின் கம்பாட்டத்தைக் குறும்பாக எடுத்தாண்டது. தடி மெலிந்தது, முனை வளைந்தது, வீறாப்பு விளையாட்டாயிற்று. அதை நகர மேடையில் நிலைபெறச் செய்ததில் பெரும் பங்கு மஹ்மூத் ரெடாவுக்கு உண்டு. ஜிம்னாஸ்டிக் வீரரான அவர் 1959-இல் கெய்ரோவில் ரெடா குழுவைத் தொடங்கினார்; ஃபரீதா ஃபஹ்மி அதன் முதன்மை ஆட்டக்காரி. தெற்கத்தி ஊர்களின் அசைவுகளை எடுத்து, வரிசை கட்டி ஆடும் மேடை நடனமாக ரெடா அமைத்தார். இங்கே எதிராளி காணாமல் போனார். அவர் இடத்தில் சபை வந்து உட்கார்ந்தது.

கைப் பிரச்சினை இத்தோடு புது வடிவம் எடுத்தது. வளைந்த முனை வெளியே இருக்க, மறுமுனைக்குச் சற்று உள்ளே விரல்களால் தளர்வாகப் பிடித்து, மணிக்கட்டால் தடியைச் சுழற்ற வேண்டும். இறுக்கிப் பிடித்தால் சுழற்சி நின்றுவிடும். தனியாக ஆடுபவள் வலக்கையில் சுழற்றிவிட்டு, இடக்கையை இடுப்பில் ஊன்றிக்கொள்ளலாம். கை சோர்ந்தால் தடியைத் தோளில் சாய்க்கலாம், தலையில் நிறுத்தலாம். எட்டுப் பேர் வரிசையில் நின்றால் இந்தச் சலுகை இல்லை. ஒருத்தி மட்டும் இடக்கையில் சுழற்றினால் பக்கத்தில் நிற்பவளுக்கு அடி விழும். தனியாட்டத்தில் விருப்பமாக இருந்த கை, கூட்டாட்டத்தில் கட்டளையாகிவிடுகிறது.

சிலம்பத்தில் நிலைமை வேறு. நெடுங்கம்பு ஆளின் உயரத்தை ஒட்டியது, பெரும்பாலும் 1.68 மீட்டர் அளவு. வழக்கமான பிடியில் வலக்கை அடிமுனைக்கு அருகிலும், இடக்கை அதிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளியும் இருக்கும். இரண்டு கையும் கம்பில் இருப்பதால் இடக்கை சும்மா இருக்க முடியாது. ஆனாலும் இரண்டுக்கும் வேலை ஒன்றல்ல: வேகம் ஒரு கையில், திசை மறு கையில். இடக்கைக்காரருக்கு இந்தப் பிடி அப்படியே தலைகீழாகும். காலடி வரிசையும் கூடவே மாறும். கைக்கு முன் காலைப் பழக்குவது சிலம்பத்தின் மரபு என்பதால், கையை மாற்றும் மாணவர் காலடியை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மலாயாவுக்கு இந்தக் கம்பு தோட்டத் தொழிலாளரோடு வந்தது. கங்காணி முறையில் ஆள் எடுப்பது 1938-இல் நிற்கும்வரை, தமிழகத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பிறகு பால்மரம். அந்த வேலையிலும் ஒரு கை வழக்கம் இருந்தது. அதை விதித்தது மரம். பட்டைக்குள் பால்குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடாமல் சற்றுச் சாய்ந்து ஓடுகின்றன. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். இடக்கைக்காரரும் அந்தச் சாய்வில்தான் வெட்டியாக வேண்டும். பகலில் மரத்தின் சொல் கேட்ட மணிக்கட்டு, பொழுது சாய்ந்ததும் கம்பைப் பிடித்தது.

1977-இல் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பின் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஊராயிற்று. 2020-இல் அதன் நகராண்மைக்கு மாநகர் மன்றத் தகுதியும் கிடைத்தது. தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் ஆடிய ஆட்டம் இத்தகைய ஊர்களில் கோயில் ஊர்வலத்துக்கும் பள்ளி விழா மேடைக்கும் இடம் பெயர்ந்தது. கெய்ரோவில் தடிக்கு நேர்ந்ததற்கு இது வெகு தூரமில்லை.

அதே பள்ளி மேடையில் கோலாட்டம் நேர் எதிரான பாடம் சொல்கிறது. இங்கே இரு கையிலும் கோல். தன் வலக்கோல் சோடியின் கோலைத் தட்டும் அதே கணக்கில் இடக்கோலும் தட்டியாக வேண்டும். ஒரு கை அரை நொடி பிந்தினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். பின்னல் கோலாட்டம் இன்னும் கறாரானது. மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளும் வெளியுமாகச் சுற்றி வருகையில் சடை பின்னிக்கொண்டே போகும். எதிர்த்திசையில் ஆடினால் அவிழும். ஒரே ஒரு சிறுமி வலம் போக வேண்டிய இடத்தில் இடம் போனால் மொத்தச் சடையும் முடிச்சாகிவிடும்.

சபையின் ஆட்சி எவ்வளவு கடுமையானது என்பதற்குக் கச்சேரி மேடையில் ஒரு சான்று உண்டு. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கியிருக்க வேண்டும் என்பது மேடை வழக்கம். இடக்கைக்காரர் வாசித்தால் அவர் மறுபக்கம் உட்கார வேண்டும், வயலின்காரரும் இடம் மாற வேண்டும். இதனாலேயே அவரோடு பாடத் தயங்கியவர்கள் இருந்தார்கள். அவருக்குத் துணை நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். வித்தையில் குறை சொல்ல முடியாத ஒருவரை உட்காரும் பக்கம் தடுத்தது என்பது வேடிக்கையான கொடுமை.

ஒரே பக்கம் உழைப்பதால் உடம்புக்கு நேரும் களைப்பைத் தமிழ் மரபு வெகு காலமாகவே அறிந்திருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இராசசேகர பாண்டியன் அறுபத்து மூன்று கலைகளைக் கற்றபின் நடனத்தையும் கற்கிறான். மேனி நோகிறது. ஒற்றைக் காலில் ஓயாமல் ஆடும் கூத்தனாகிய சிவனுக்கு எவ்வளவு நோகும் என்று வருந்திக் கால் மாற்றி ஆடும்படி வேண்டுகிறான். அதன்படியே மதுரை வெள்ளியம்பலத்தில் இன்றும் நடராசர் வலக்காலைத் தூக்கியே நிற்கிறார். பரதநாட்டிய வகுப்பிலும் அடவை வலப்பக்கம் செய்துவிட்டு இடப்பக்கமும் செய்த பிறகே அடுத்ததற்குப் போவார்கள்.

சிலம்பத்தின் அண்மைக் கால வளர்ச்சியும் இரு பக்கத்தையும் சமமாகப் பழக்கும் இந்தத் திசையில்தான். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. போட்டிகளில் எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை ஒரு பக்கம். ஒற்றைக்கம்பு வீச்சு, இரட்டைக்கம்பு வீச்சு போன்ற தனித்திறன் பிரிவுகள் மறுபக்கம். தொடுமுறையில் வலுத்த கையை நம்பியே வென்றுவிடலாம். இரட்டைக்கம்பில் அது நடக்காது. கைக்கு ஒன்றாக இரு கம்புகளும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும், ஒன்றோடொன்று மோதவும் கூடாது. இடக்கை தளர்ந்தால் நடுவர் சொல்வதற்கு முன் கம்பே சொல்லிவிடும். ஆகவே இரட்டைக்கம்புக்குத் தயாராகும் பிள்ளைக்கு ஒற்றைக் கம்பை இடக்கையில் மட்டும் கொடுத்துத் தனியாகச் சுழற்ற விடுவது பயன்தரும் பயிற்சி. வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னால், அது உதவிக்கு ஓடி வராது.