வந்த மீனும் விட்ட மீனும்



மேட்டூர் அணையில் நீர் வற்றும் கோடையில் பண்ணவாடியின் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். செய்தித்தாள்கள் படம் போடும். அணை எதை அழித்தது என்று கேட்டால் மூழ்கிய கோயிலையும் ஊரையும் சொல்லப் பழகியிருக்கிறோம். ஆற்று மீனை யாரும் சொல்வதில்லை. அந்த மீன் யார் வீட்டுச் சட்டிக்குப் போயிற்று என்பது நம்முடைய கேள்வி என்பதால் இந்த நினைவுச் சொற்பொழிவில் அதை எடுத்துக்கொண்டேன்.

உல்லம் என்றொரு மீன். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுவது இதைத்தான். கடலில் வளரும், முட்டையிட ஆற்றுக்கு வரும். புதுவெள்ளம் முகத்துவாரத்தைத் தொட்டதும் கொள்ளிடத்தில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். கடலுக்குப் பக்கமாக அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. ஏறி வந்த மீன் சுவரடியில் கூட்டமாக நின்றது. நின்ற இடத்தில் அள்ளுவது சுலபம். அள்ளினார்கள்.

சென்னை மாகாணத்தில் இராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, நன்னீர் மீன்களைப் பற்றி 1873இல் அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். அணைகள் மீனின் வழியை அடைக்கின்றன, மீன் ஏற வழி விடுங்கள் என்று அதில் எழுதினார். அதே அறிக்கையில், வயலிலும் வாய்க்காலிலும் கூடை வைத்தும் சின்னக்கண் வலை போட்டும் குஞ்சு மீனைப் பிடிப்பவர்களையும் கடுமையாகச் சாடினார். ஆக, அறிக்கையில் குற்றவாளிகள் இரண்டு பேர்: அரசின் சுவர், ஏழையின் கூடை. 1897இல் வந்த இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடை செய்தது, அது சரிதான். வலைக்கண் அளவுக்கு விதி செய்ய மாகாணங்களுக்கு அதிகாரமும் கொடுத்தது. பாசனச் சுவரை அது கேள்வி கேட்கவில்லை. கீழணையில் மீன் ஏறப் படி கட்டிப் பார்த்தார்கள். உல்லத்துக்கு அது உதவவில்லை.

பிறகு மேட்டூர். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. இம்முறை வழி மட்டும் அடைபடவில்லை, வெள்ளமே அடைபட்டது. ஆற்று மீனுக்கு வெள்ளம்தான் நாள்காட்டி. நீர் கலங்கி உயர்ந்தால்தான் அது முட்டைக்கு ஆயத்தமாகும். அணைக்குப் பின் நீர் வரும் நாளை மதகு முடிவு செய்தது. காவிரியில் உல்லம் ஏறக்குறைய அற்றுப்போனது. ஓடும் நீரையே நம்பியிருந்த வேறு பல மீன்களும் குறைந்தன.

அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் வேறொரு உலகம். ஓடாத நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று கொழுக்கும் மீன் வேண்டுமென்று கோதாவரிக் கட்லாவைக் கொண்டுவந்தார்கள். ரோகும் மிர்காலும் பின்னால் வந்தன. ஆப்பிரிக்காவின் திலேப்பியா 1952இல் இந்தியாவுக்கு வந்தது. நாம் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று பெயர் வைத்துக்கொண்டோம். அதன் தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். அதற்கு வெள்ளமும் வேண்டாம், மணல் படுகையும் வேண்டாம். அணை கட்டிய ஆற்றுக்கென்றே செய்து வைத்ததுபோல ஒரு மீன்!

நல்லெண்ணமும் கெடுத்திருக்கிறது. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் குறைகிறதென்று, மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் பொரித்த வேறோர் இன மஹ்சீர் குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். விட்டது பெருகிற்று, இருந்தது மேலும் அருகிற்று. அருகியது தனி இனம், அதன் அறிவியல் பெயர் இன்னது என்று ஆய்வாளர்கள் உறுதி செய்ததே 2018இல்தான். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் ஏறியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'அந்நிய மீன்', 'வந்தேறி மீன்' என்று சூழலியல் கூட்டங்களில் பேசும்போது எனக்குக் கூசுகிறது. அந்தச் சொற்கள் மனிதர்கள் மீது எப்படி வீசப்படுகின்றன என்று நமக்குத் தெரியும். கறிமீன் வாங்க வக்கில்லாத நாட்களில் எங்கள் வீட்டில் கொதித்தது ஜிலேபிக் கெண்டைக் குழம்புதான். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. அது தானாக வரவில்லை, கொண்டுவந்து விட்டார்கள்.

அந்த 'விட்டார்கள்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. வாய்க்கால் வழியே வயலுக்கு வந்த கெண்டைக்கும் கெளுத்திக்கும் அயிரைக்கும் கணக்கில்லை. நாற்று நட்டுவிட்டுக் கரையேறும் பெண் மடியில் நாலு மீன் கட்டிக்கொண்டு போனால் அது அன்றைய குழம்பு. நிலமில்லாத சேரிக்கு ஆறு கொடுத்த பங்கு அது. விட்ட மீனுக்குக் கணக்கு உண்டு: குஞ்சுக்கு விலை, ஏரிக்கு ஏலம், ஏலம் எடுத்தவருக்குக் காவல். ஏலம் கேட்கப் பணமும் ஊரில் செல்வாக்கும் வேண்டும். அவை யாரிடம் இருந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயலில் மீன் அற்றதற்குப் பூச்சிமருந்தும் காரணம்தான். ஆனால் முன்பு ஊத்தா போட்டு மீன் பிடித்தவரின் பேரன், இன்று அதே ஊர் ஏரியில் தூண்டில் போட்டால் மீன் திருடன்.