வலிப்பு நோய்: பிடித்தது எது?

வலிப்பு வந்து ஒருவர் தரையில் விழுந்துவிட்டால், அவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ திணிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சற்று நேரத்தில் உதறல் அடங்குகிறது. இரும்புதான் அடக்கிற்று என்று சுற்றி நிற்பவர்கள் நம்புகிறார்கள். உண்மை என்ன? பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். சாவி கொடுத்தாலும் நிற்கும், கொடுக்காவிட்டாலும் நிற்கும். நாம் செய்ய வேண்டியவை சிலவே. உதறல் இருக்கும்போது கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கழுத்தை இறுக்கும் உடையைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சாவிக்குப் பின்னால் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று மனிதனைப் பிடித்துக்கொண்டது, இரும்பைக் கண்டால் அது விலகும் என்பதே அது. இப்படிப்பட்ட நம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மனிதனின் நடத்தை திடீரென்று மாறினால் அதற்குக் காரணம் ஆவியா, உடலா என்ற வழக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகில் நடந்திருக்கிறது. அவ்வழக்கில் முதன்மைச் சாட்சியாக நின்றது வலிப்பு நோயே.

கிரேக்கர் சொன்னது

பண்டைக் கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயரின் பொருளே ‘பிடித்துக்கொள்ளுதல்’ என்பதாகும். தெய்வம் பிடிப்பதால் வருவது என்று கருதி, இதனைப் புனித நோய் என்றும் அழைத்தனர். கி.மு. 400ஆம் ஆண்டையொட்டி எழுந்த, ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் ஒன்று இதை மறுத்தது. மற்ற நோய்களைவிட இந்நோய் எவ்வகையிலும் புனிதமானதன்று. காரணம் தெரியாதவர்கள் தம் அறியாமையை மறைக்கவே தெய்வத்தின் மேல் பழி போடுகிறார்கள் என்று அது வாதிட்டது. வலிப்பு கண்ட ஆட்டின் தலையைத் திறந்து பாருங்கள், மூளை நீர் கோத்துக் கெட்டிருப்பதைக் காண்பீர்கள் என்றும் கூறியது. இன்பமும் துன்பமும் சிந்தனையும் பித்தும் மூளையிலிருந்தே பிறக்கின்றன என்பது அந்நூலின் முடிவு.

சளி நாளங்களை அடைப்பதால் வலிப்பு வருகிறது என்று அந்நூல் தந்த விளக்கம் தவறானது. ஆனால் நோயின் இருப்பிடத்தை அது சரியாகவே காட்டியது. இருந்தும் ஆவி நம்பிக்கை மேலும் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் நிலைத்து நின்றது.

மூளையில் மின்சாரம்

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1857இல் இங்கிலாந்தில் சார்லஸ் லோகாக் என்ற மருத்துவர், பொட்டாசியம் புரோமைடு என்னும் உப்பு சிலருடைய வலிப்பைக் கட்டுப்படுத்தியதாக அறிவித்தார். 1873இல் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் திடீரென்று அளவு மீறி நிகழும் ஆற்றல் வெளிப்பாடே வலிப்பு என்று விளக்கினார். 1875இல் ரிச்சர்டு கேட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டம் இருப்பதைக் கண்டறிந்தார்.

மனித மூளையின் மின்னலைகளை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜெனா நகர மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். இளமையில் இராணுவப் பயிற்சியின்போது அவர் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்திலிருந்து மயிரிழையில் தப்பினார். அன்றே அவர் நலம் கேட்டுத் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. அவருக்கு ஆபத்து என்று சகோதரிக்குத் தோன்றியதால் அனுப்பப்பட்ட தந்தி அது! எண்ணம் தொலைவுக்குப் பாயும் என்று பெர்கர் நம்பிவிட்டார். மன ஆற்றலைக் கருவியால் அளந்துவிட வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் வேட்கையாயிற்று.

1924இல் அவர் தலையில் மின்முனைகளைப் பொருத்தி அலைகளைப் பதிவு செய்தார். 1929இல் முடிவுகளை வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் மூளையில் நொடிக்குப் பத்து முறை அளவில் அலைகள் எழுந்தன. கண்ணைத் திறந்ததும் அவை அடங்கின. அவற்றின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகளே. இத்தனை மெலிந்த அலை தொலைவிலுள்ள சகோதரியை எட்டுவது எங்ஙனம்? பெர்கர் தேடியது கிடைக்கவில்லை. ஆனால் தேடாத ஒரு பெருஞ்செல்வம் மருத்துவ உலகுக்குக் கிடைத்தது. 1934இல் ஏட்ரியன், மாத்யூஸ் என்னும் இங்கிலாந்து அறிஞர்கள் அவருடைய கண்டுபிடிப்பை உறுதி செய்தனர்.

மறு ஆண்டே அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் வலிப்புள்ளவர்களின் மூளை அலைகளை ஆராய்ந்தனர். சில குழந்தைகளுக்கு உடல் உதறாது. பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுப் பிறகு இயல்பாவார்கள். வகுப்பில் இவர்களுக்குக் ‘கவனமில்லாதவன்’ என்ற பட்டமே கிடைக்கும். அந்தச் சில நொடிகளில் இவர்களின் மூளையில் நொடிக்கு மூன்று முறை கூர்முனை அலைகள் எழுவதைத் தாளில் வரைந்தே காட்டினர். பிடித்தது ஆவியன்று, குழந்தையின் குற்றமும் அன்று என்பதற்குக் கண்கண்ட சான்று கிடைத்துவிட்டது.

மனம் என்பது என்ன?

அப்படியானால் மனம் முழுவதும் மூளையின் செயல்தானா என்று நீங்கள் கேட்கலாம். கனடாவின் மாண்ட்ரீல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர் வலிப்பு நோயாளிகளை விழிப்பு நிலையிலேயே வைத்து மூளையில் அறுவை செய்தார். மூளைக்கு வலி உணர்வு இல்லை என்பதால் தலைத்தோலை மரக்கச் செய்தால் போதும். மின்முனையால் ஓரிடத்தைத் தொட்டால் கை அசைந்தது. வேறோர் இடத்தைத் தொட்டால் சிலருக்குப் பழைய பாட்டுக் கேட்டது. ஆனால் கை அசைந்தபோது, அதை அசைத்தது தாமல்ல, மருத்துவரே என்று நோயாளிகள் கூறினர். இந்த ‘தாம்’ எங்கே இருக்கிறது? மூளையை மட்டும் கொண்டு மனத்தை விளக்கிவிட முடியாது என்று 1975இல் வெளியான தம் நூலில் பென்ஃபீல்டு கருத்துத் தெரிவித்தார். இன்றைய நரம்பியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்பதில்லை. எனினும் உணர்வு எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கு முழு விளக்கம் இன்னும் கிட்டவில்லை.

அந்தப் பெரிய கேள்விக்கு விடை கிடைக்கும் வரை நோயாளி காத்திருக்கத் தேவையில்லை. 1912இல் ஃபீனோபார்பிடோனும் 1938இல் ஃபெனிடாயினும் வலிப்பு மருந்துகளாக வந்துவிட்டன. பின்னர் வேறு பலவும் வந்தன. உலகில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. தக்க மருத்துவம் கிடைத்தால் அவர்களில் பத்துக்கு ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

நோயைவிடப் பழிச்சொல்லே பல வேளைகளில் கொடியது. இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக வைத்தது. 1999இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்ட அச்சம் பல வீடுகளில் இன்னும் குடியிருக்கிறது. பெண் பார்க்க வருபவர்களிடம் மகளின் நோயை மறைக்கும் பெற்றோரும், மாத்திரையை நிறுத்திவிட்டு மந்திரிக்க அழைத்துச் செல்லும் உறவினரும் நம்மிடையே இருக்கிறார்கள். திடீரென்று மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கோயிலுக்குப் போவது அவரவர் விருப்பம். மாத்திரையை மட்டும் ஒரு வேளையும் தவறவிட வேண்டாம் என்று அவர்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.